வெறுங்காலில் நிற்காத இடம்

இப்போதெல்லாம் வீட்டு முற்றத்துக்குச் செயற்கைப் புல் வேண்டுமென்றால் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியதில்லை. கைப்பேசியில் நாலு படம் எடுத்து அனுப்பினால் போதும். எந்தப் புல், எத்தனை சதுர அடி, என்றைக்கு வேலை என்று அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த கிள்ளான் கம்பெனியிலும் இப்போது அப்படித்தானாம். எங்கள் தவுக்கே உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கைப்பேசியைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். தவுக்கே என்றால் முதலாளி. வேறு பெயர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதே இல்லை.

போன மாதம் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டாள். கம்பெனியை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அப்பாவின் தமிழ் அவளுக்கு வரவில்லை. பாதி ஆங்கிலம், பாதி மலாய். புல் சுடுகிறது, தண்ணீர் தேங்குகிறது, மேடு பள்ளமாகிவிட்டது என்று புகார் மேல் புகாராக வருகிறதாம். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனால் ஆன்டி என்னவெல்லாம் செய்வீர்கள், புதிதாக வந்தவர்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். பதினெட்டு வருட வேலையை ஒரு பக்கத்தில் அடக்கச் சொல்கிறாள், நல்ல தைரியம்தான்.

எழுத உட்கார்ந்தேன். முக்கால் பக்கம் சுலபமாக வந்தது. அதற்கு மேல் ஒரு வரியில் கை நின்றுவிட்டது. அந்த வரியை எழுதினால் பத்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. காப்பார் தமிழ்ப்பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். முப்பத்தைந்து வருடம் கழித்து இந்த வேலையால் எனக்குத் திரும்பக் கிடைத்தவள், இதே வேலையால் கைவிட்டுப் போனவள். அவளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஆறு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அதனால் அந்தப் பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதை எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம். அது ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். பிறகு புல் கடையில் டெலிபோன் எடுக்கும் வேலை. ஒரு நாள் அளவெடுக்கப் போகும் ஆள் வரவில்லை. தவுக்கே டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து லோரியில் ஏறச் சொன்னார். அன்றைக்கு ஏறியவள்தான், மூட்டு வலி வந்து ஓய்வு பெறும்வரை இறங்கவில்லை.

தவுக்கே சீனர். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் ரப்பர்த் தோட்டத்து மளிகைக் கடையில், அதனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கெட்ட வார்த்தைகளில் மட்டும் எங்களைவிட நல்ல உச்சரிப்பு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அவருக்கு இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது மண்ணுக்கு. கிள்ளான் பக்கத்துக் களிமண் பிடிவாதக்காரி. மழை பெய்தால் தண்ணீரை உள்ளே விடாமல் உப்பிக்கொள்ளும், வெயில் அடித்தால் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் நேராகப் புல்லை விரித்தால் ஆறு மாதத்தில் முற்றம் அலை அலையாகிவிடும். அதனால் வீட்டுக்குப் போனதும் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டுவோம், ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவோம், பக்கத்துக் கடையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ ஒன்று குடித்துவிட்டு வந்து பார்ப்போம். தண்ணீர் அப்படியே நின்றால் நாலு அங்குலம் களிமண்ணை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியில் துணி விரித்து, உடைத்த கல்லைப் பரப்பி, இயந்திரத்தால் இடித்து இறுக்கி, கால்வாய்ப் பக்கமாகச் சரிவு வைத்து, மேலே கல்தூள் போட்டு, அதற்கப்புறம்தான் புல். அவசரப்படுகிற வாடிக்கையாளர் கல்லைக் குறைக்கச் சொல்வார். தவுக்கே சிரித்துக்கொண்டே வேறு கடையின் நம்பரை எழுதிக் கொடுப்பார்.

இரண்டாவது சோதனை காலுக்கு. நம் ஊரில் வீட்டைச் சுற்றி நடக்கிறவர்கள் செருப்புப் போடுவதில்லை. மத்தியான வெயிலில் செயற்கைப் புல் சிமெண்டைவிட அதிகமாகச் சுடும். அடர்ந்த, நீளமான, கரும்பச்சைப் புல் பார்க்க அழகு, சூட்டைப் பிடித்து வைப்பதிலும் அதற்குத்தான் முதலிடம். தண்ணீர் தெளித்தால் ஆறும், கால் மணி நேரத்தில் மறுபடியும் சுடும். குட்டையான, வெளிர்ப்பச்சையும் பழுப்பும் கலந்த புல் கொஞ்சம் தேவலாம், அதுவும் நிழல் இருந்தால்தான். ஆகவே எந்த இடத்தில் மனிதர்கள் நிற்பார்களோ அந்த இடத்தில், உச்சி வெயிலில், மாதிரிப் புல்லைப் போட்டு அரை மணி காய விட்டு, அளவெடுக்கிறவர் வெறுங்காலில் நின்று நூறு எண்ண வேண்டும். அளவு எழுதும் தாளின் கடைசி வரியில் இடம், மணி, நின்றவர் பெயர் மூன்றையும் எழுத வேண்டும். அந்த வரி காலியாக இருந்தால் தவுக்கே கையெழுத்துப் போட மாட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய வரிசை வீடு. அந்த வீட்டு வக்கீலுக்கு நாற்பது மில்லிமீட்டர் கரும்பச்சைதான் வேண்டும், வேறு எதையும் பார்க்கவே மாட்டேன் என்றார். தவுக்கே மாதிரியைப் போட்டுவிட்டு வக்கீலின் மனைவியைப் பார்த்து, "அம்மா, துணி காயப் போட நீங்கதானே வருவீங்க? கொஞ்சம் நில்லுங்க லா," என்றார். அந்த அம்மா ஏழு எண்ணுவதற்குள் குதித்து இறங்கினார். "பாஸ், இது பாக்கிற புல்லா, நடக்கிற புல்லா? அத மொதல்ல சொல்லுங்க," என்று தவுக்கே கேட்டார். கோர்ட்டில்கூட அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை என்று அந்த அம்மா எனக்குத் தேநீர் கொடுக்கும்போது சொல்லிச் சிரித்தார். கடைசியில் குட்டைப் புல்தான் போட்டோம், துணிக் கொடிக்குக் கீழே மட்டும் கல் பதித்தோம்.

இப்படி ஒரு முதலாளியிடம் வேலை பழகிய நான்தான் பத்மா வீட்டில் அந்தத் தவறைச் செய்தேன்.

தாளில் அவள் கணவர் பெயர்தான் இருந்தது. கிள்ளானில் மூலை வீடு, பக்கவாட்டிலும் முன்னாலும் நல்ல இடம். கேட்டுக்கு வெளியே நின்று, "ஹலோ, புல்லுக்கு அளவெடுக்க வந்திருக்கோம்," என்றேன். உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தாள். என்னையே பார்த்தாள். "நீ கோமுதானே? காப்பார் கோமு?" என்றாள். என்னைக் கோமு என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. எங்கள் தோட்டம் மூடி ஆளுக்கொரு திசையாக லோரி ஏறிய நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் கேட்டைத் திறக்க மறந்து கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதோம்.

பத்மாவின் முற்றம் சுத்தக் களிமண். மழைக் காலத்தில் ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறாள். முன்பக்க மூலையில் சின்னதாக ஒரு முனியாண்டி கோயில் கட்டி வைத்திருந்தார்கள், தோட்டத்திலிருந்து எடுத்து வந்த சாமி. அதைச் சுற்றிலும்தான் சேறு அதிகம். மகள் ஷாமளாவுக்கு ஏழாவது மாதம், வளைகாப்பை இந்த வீட்டில் வைக்க வேண்டும், அதற்குள் முற்றம் சரியாக வேண்டும் என்றாள். மாதிரிப் புல்களை விரித்துக் காட்டினேன். நீளமான கரும்பச்சையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம பள்ளிக்கூடத் திடல் மாதிரியே இருக்கு இல்லே?" என்றாள். இல்லவே இல்லை. எங்கள் திடலில் புல்லைவிட முள்தான் அதிகம். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து, "ஆமாடி," என்றேன். அவளுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று மனம் துடித்துக்கொண்டிருந்தது.

மாமரத்துப் பக்கம் நிழலில் நின்று நூறு எண்ணினேன், சூடு தாங்கும்படிதான் இருந்தது. அடுத்தது கோயில் பக்கம். அங்கே நான் போகவில்லை. என் கணவரின் அண்ணன் இறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் தீட்டு, சாமி இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. பத்மாவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பக்கம் போகாதே. அவரே டேப்பப் புடிப்பாரு," என்றாள். அவள் கணவர் போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், சாது. அவர் அளந்து சொன்னார், நான் தூரத்தில் நின்று எழுதிக்கொண்டேன்.

கடைசி வரிக்கு வந்தபோது யோசித்தேன். கோயில் பக்கம் நிற்கவில்லை என்று எழுதினால் தவுக்கே தானே வந்து நின்று பார்ப்பார். கரும்பச்சை வேண்டாம் என்பார். வேலை தள்ளிப்போகும், வளைகாப்பு வந்துவிடும். மரத்துப் பக்கம் சுடவில்லையே, அதே வீடுதானே, பத்தடி தள்ளி என்ன பெரிதாகச் சுட்டுவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவை எடுத்து, "கோயில் பக்கம், 2.10, கோமதி," என்று எழுதினேன். தவுக்கே கையெழுத்துப் போட்டார்.

புல் அழகாக வந்தது. வளைகாப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் வாரம் தவறாமல் சாயங்காலம் அங்கே போனேன். அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது. எனக்கு மட்டும் சீனி போட்டுத் தேநீர் கொண்டு வந்துவிட்டு, நான் குடிப்பதைப் பொறாமையோடு பார்ப்பாள். கணக்கு வாத்தியாரிலிருந்து ஆரம்பித்து ஒருவரையும் விட்டுவைக்காமல் பேசுவோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த மாதங்கள் வேறு இல்லை. இன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எனக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும்போல் இருக்கும்.

ஷாமளாவுக்குப் பிரசவம் நெருங்கிய மாதம் மழையே இல்லை. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று பத்மா நேர்ந்துகொண்டு, தினமும் உச்சி வேளையில் முனியாண்டியை ஒன்பது சுற்றுச் சுற்றியிருக்கிறாள். முனியாண்டிக்கு உச்சி வேளைதான் விசேஷம் என்று தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? சாமியைச் செருப்போடு யாரும் சுற்ற மாட்டார்கள் என்று தெரியாதா? எல்லாம் தெரியும். இனிப்பு நீர் அவள் பாதத்தில் உணர்ச்சியைக் கொன்றுவிட்டிருந்தது. அதுதான் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தவள் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்திருக்கிறாள். தண்ணீரை மிதித்துவிட்டோம் என்று துடைத்திருக்கிறாள். துடைத்த பிறகும் தடம் வந்ததும்தான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். உள்ளங்காலில் சூட்டுக் கொப்புளங்கள் உடைந்திருந்தன.

அவளைச் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து நான் நேராகக் கடைக்குப் போய்த் தவுக்கேயிடம் நடந்ததைச் சொன்னேன். தாளில் எழுதியது பொய் என்றும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. மறுநாள் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என்னை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். காலணியையும் காலுறையையும் கழற்றினார், கோயில் பக்கம் போய் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பன்னிரண்டோ பதின்மூன்றோ எண்ணியிருப்பார், இறங்கிவிட்டார்.

"நீ நில்லு," என்றார். நின்றேன். ஐந்து எண்ண முடியவில்லை.

"அன்னிக்குத் தீட்டு, தவுக்கே. சாமிகிட்டப் போக முடியாது," என்றேன்.

"தீட்டு எனக்குத் தெரியும் லா. தோட்டத்துலதானே வளந்தேன்," என்றார். "நிக்க முடியலன்னா நிக்கலன்னு எழுதணும். நான் வந்து நின்னிருப்பேன். நின்னேன்னு ஏன் எழுதினே?"

நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றைக்கே ஆட்களை வரவழைத்து முற்றம் முழுக்கப் புல்லைப் பெயர்த்தார். கோயிலைச் சுற்றிச் சூடேறாத வெளிர்க் கல் பதித்து, மேலே கூரையும் போட்டுக் கொடுத்தார். தாளில் நான் எழுதிய வரியை என் கையாலேயே அடிக்கச் சொல்லி, கீழே, "நிற்கவில்லை," என்று எழுத வைத்தார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் லோரியில் எனக்கு இடம் இருந்தது. சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை, எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்மாவின் புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்தார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன செய்வே கோமு? என் காலு எனக்கே சொல்லலே," என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நின்று பார்ப்பது என் வேலை, நான் நிற்காமலே நின்றேன் என்று எழுதினேன் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். நான், "ஆமா பத்மா," என்றேன்.

ஷாமளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். அந்த நேர்த்திக்கடனே தனக்காகத்தான் என்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது. "ஆன்டி, நீங்க வந்தா அம்மா அழுறாங்க. கொஞ்ச நாளைக்கு வராதீங்க," என்று தன்மையாகத்தான் சொன்னாள். கொஞ்ச நாள் என்றாள், அதை நான் எனக்கு வசதியாக நீட்டிக்கொண்டேன். பிறகு அவர்கள் கிள்ளான் வீட்டை விட்டுவிட்டுக் காஜாங்குக்கு, மகள் வீட்டுக்கே போய்விட்டார்கள். பத்மா போன் செய்வாள். அவள் குரலைக் கேட்டால் அந்த "ஆமா பத்மா" காதில் ஒலிக்கும். முதலில் சீக்கிரம் பேசி வைத்தேன், பிறகு எடுப்பதையே நிறுத்தினேன். தீபாவளிக்கு ஒரு செய்தி வரும். அதற்கும் ஒரு பூப்படத்தை அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்வேன்.

போன மாதம் அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது கை நின்றது, "நிற்காவிட்டால் நிற்கவில்லை என்று எழுதவும்," என்ற வரியில்தான். இருபது வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. தவுக்கேயிடம் சொன்னதோடு சரி. கால் அவருடையது இல்லையே. பல நாள் தயங்கிவிட்டு, இன்று காலை கிள்ளானில் ரயில் ஏறி, சென்ட்ரல் நிலையத்தில் மாறி, காஜாங்கில் இறங்கினேன்.

பத்மா வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது. காலில் ஆஸ்பத்திரியில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த கனமான சப்பாத்து. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விதி என்ன, அந்த வரி எதற்கு, நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், உண்மையை எழுதியிருந்தால் தவுக்கே வந்து நின்றிருப்பார் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவள் நாற்காலிக் கையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது கோமு," என்றாள். "நீ அப்படி எழுதினது எனக்குத் தெரியாது."

"தெரியும். அதான் சொல்ல வந்தேன்."

"இந்த ஆறு வருஷமா நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன் தெரியுமா?" அவள் சப்பாத்தைப் பார்த்தாள். "இந்தக் காலப் பாக்க ஒனக்கு அருவருப்பா இருக்கு, அதான் வரமாட்டேங்கிறேன்னு நெனச்சேன். வெரல எடுத்தப்பகூட நான் அவ்வளவு அழுவலே. நீ போன் எடுக்காதப்பதான் அழுதேன்."

நான் அவளுக்குச் செய்த இரண்டாவது காரியம் இது. முதலாவதைச் செய்துவிட்டேன் என்று ஆறு வருடம் தெரிந்தே இருந்தேன், இது தெரியவே இல்லை.

"நீ இப்ப போ," என்றாள்.

பையை எடுத்துக்கொண்டேன். கேட்டுவரை போனதும் பின்னாலிருந்து, "கோமு," என்று குரல் வந்தது. திரும்பினேன். முகத்தில் சிரிப்பில்லை, கண் கலங்கித்தான் இருந்தது.

"சனிக்கிழம வா. இன்னிக்குக் கோவத்துல எனக்கு வாயே வரலே. அதுக்குள்ள ஒன்னத் திட்ட வேண்டியதெல்லாம் யோசிச்சு வெக்கிறேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.